அசனப் பந்தியும் ஆட்டுக்கிடையும்

(நமது பங்கின் பவள விழாப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கோவிலின் வரலாறு பற்றியும், நம் முன்னோர் கல் சுமந்து மண் சுமந்து இந்த ஆலயத்தைக் கட்டிய வரலாறு பற்றியும் எனக்கு முன் பேசியவர்கள் சிறப்பாக எடுத்துரைத்தார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட பொருள் கொஞ்சம் வேறுபட்டது. "நம் மண்ணில் விளையும் உணவு" என்பது அதன் தலைப்பு. கால்நடைத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நான் மறைநூல் அறிஞன் அல்லன். தெரிந்ததைச் சொல்கிறேன். பிழையிருந்தால் சுவாமியவர்கள் திருத்துவார்கள்.

திருவிழாவின் முடிவில் நாம் எல்லாரும் அசனத்துக்கு உட்காரப் போகிறோம். ஏழை, பணக்காரன், இந்தத் தெரு, அந்தத் தெரு என்ற வேறுபாடு இல்லாமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது நமது தென்பாண்டிச் சீமைக் கோவில்களின் அழகான வழக்கம். புளியம்பட்டி அந்தோனியார் கோவிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். நேர்ச்சை ஆட்டைக் கொண்டுவந்து, அங்கேயே சமைத்து, வந்தவர் போனவர் எல்லாருக்கும் பரிமாறிய பிறகுதான் வீட்டார் உண்பார்கள். ஆகவே உணவு நமக்கு வயிற்றுப்பாடு மட்டும் அல்ல, வழிபாட்டின் ஒரு பகுதியாகவும் இருக்கிறது. அப்படியானால் அந்த அசனத்துக்கு வரும் அரிசியும் பருப்பும் கத்தரிக்காயும் ஆடும் எங்கிருந்து வருகின்றன, யார் கையிலிருந்து வருகின்றன, அவருக்கு உரிய விலை போய்ச் சேருகிறதா என்று கேட்பதும் வழிபாட்டின் பகுதிதானே? இந்த ஒரு கேள்வியைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கரிசல் மண்ணின் கணக்கு

நமது பூமி வானம் பார்த்த பூமி. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரம் முழுவதும் கரிசல். ஆற்றுப் பாசனம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழைதான் நமக்கு எல்லாம். அந்த மழையை நம்பிப் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் விதைக்கிறோம். கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, மல்லி, மிளகாய், பருத்தி என்று கலந்து போடுகிறோம். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது நம் பாட்டனார்களின் கணக்கு.

இந்தக் கணக்கில் ஆட்டுக்கு ஓர் இடம் உண்டு. தை, மாசியில் அறுவடை முடிந்து காடு வெறிச்சோடிக் கிடக்கும்போது ஆட்டுக்காரர் மந்தையை ஓட்டி வருவார். அறுத்த தாளையும் உதிர்ந்த இலையையும் களையையும் ஆடு மேயும். இரவில் அதே நிலத்தில் வலை கட்டிக் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் நேரே மண்ணில் விழும். அள்ளவும் வேண்டாம், வண்டியில் ஏற்றவும் வேண்டாம். நிலத்துக்காரர் கிடைக்கூலியாகப் பணமோ தானியமோ கொடுப்பார். "ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்" என்பது பழமொழி. ஆட்டுப் புழுக்கை சீக்கிரம் மக்கி அந்த ஆண்டுப் பயிருக்கே பலன் தரும் என்பது இதன் பொருள். நான் துறையில் படித்தறிந்ததும் இதற்கு மாறாக இல்லை.

பயிர் அறுத்த நிலம் ஆட்டுக்குத் தீனி தருகிறது. ஆடு நிலத்துக்கு எரு தருகிறது. நிலம் மறுபடியும் நமக்குத் தானியம் தருகிறது. இந்த வட்டத்தில் எதுவும் வீணாவதில்லை. மேய்ச்சலில் வளர்ந்த ஆடு என்று நாம் சொல்வது இந்த வட்டத்துக்குள் வளர்ந்த ஆட்டைத்தான்.

நமது வட்டாரத்தின் ஆட்டினங்களும் சாமானியமானவை அல்ல. கறுப்பு உடம்பும் முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடும் உள்ளது பால்கன்னி. கோடு செந்நிறமாக இருந்தால் செங்கன்னி. வெள்ளையில் கறுப்புத் திட்டுகள் தெளித்தாற்போல் உயர்ந்து நிற்பது கொடி ஆடு. அதில் கரும்போரை என்றும் செம்போரை என்றும் இரண்டு வகை உண்டு. செம்மறியில் நமது விளாத்திகுளம் பக்கத்து வேம்பூரின் பெயரையே தாங்கிய வேம்பூர் ஆடும், கீழக்கரிசல் ஆடும் இருக்கின்றன. வெயிலைத் தாங்கி, நெடுந்தூரம் நடந்து, கருவேல நெற்றையும் காய்ந்த சருகையும் தின்று, கறியாகவும் எருவாகவும் மாற்றித் தரும் வல்லமை இவற்றுக்கு உண்டு. பல தலைமுறை ஆட்டுக்காரர்கள் பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்த செல்வம் இது. எந்தப் பல்கலைக்கழகமும் உண்டாக்கிக் கொடுத்ததல்ல.

பருவமும் திருவழிபாட்டு ஆண்டும்

பருவத்துக்கேற்ற உணவு என்றால் என்ன என்று இளைஞர்கள் கேட்கலாம். கடையில் எல்லாக் காய்கறியும் எல்லா மாதமும் கிடைக்கிறதே என்று நினைக்கலாம். கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் எங்கோ விளைந்து, லாரியில் பல நூறு மைல் வந்து, நான்கு கை மாறி வருகிறது. நமது ஊரில் எந்த மாதம் எது விளைகிறது என்பது மட்டும் நம் பிள்ளைகளுக்கு மறந்து போகிறது.

தை மாதத்தில் பனங்கிழங்கு, சீனிக்கிழங்கு, மொச்சை. மாசி, பங்குனியில் உளுந்தும் பாசிப்பயறும் கம்பும் வீடு வந்து சேரும். அப்போதே பனையில் பாளை சீவிப் பதனீர் இறக்கத் தொடங்குவார்கள். சித்திரை, வைகாசியில் நுங்கு, மாம்பழம், முருங்கைக்காய், வெள்ளரிக்காய். ஆவணி, புரட்டாசியில் பனம்பழம். ஐப்பசி மழை விழுந்தவுடன் விதைக்காமலே முளைக்கும் குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை. மழைப் புல்லை மேய்ந்து ஆடு கொழுத்திருக்கும் மார்கழி, தையில் கிறிஸ்து பிறப்பும் பொங்கலும் வந்து சேருகின்றன.

திருச்சபையின் நாட்காட்டி ஐரோப்பாவின் பருவங்களை ஒட்டி உருவானது. ஆயினும் நமது கரிசலின் பருவத்தோடு அது பல இடங்களில் அழகாகப் பொருந்துவதைப் பார்க்கிறேன். நாம் சுத்தபோசனம் அனுசரிக்கும் தவக்காலம் மாசி, பங்குனியில் வருகிறது. கறியை விலக்கும் அந்த நாட்களில்தான் புதுப் பயறும் புது உளுந்தும் நம் வீட்டில் நிறைந்திருக்கின்றன. குருத்தோலை ஞாயிறன்று நாம் ஏந்திச் செல்லும் ஓலை நம் பனையின் ஓலைதான். வனத்து அந்தோனியாரின் திருநாள் சனவரி 17. கால்நடைகளுக்குப் பாதுகாவலரான அவர் நாள் மாட்டுப் பொங்கலை ஒட்டியே வருகிறது. அன்று ஆடுமாடுகளைக் கோவிலுக்கு ஓட்டி வந்து மந்திரித்துச் செல்லும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். முற்காலத்தில் ஆண்டின் நான்கு பருவங்களிலும் மும்மூன்று நாள் ஒருசந்தி பிடித்து, விளைச்சலுக்காக நன்றி கூறி மன்றாடும் முறை திருச்சபையில் இருந்தது. 1969 ஆம் ஆண்டின் திருவழிபாட்டுச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதை எப்படி அனுசரிப்பது என்பது அந்தந்த நாட்டு ஆயர் பேரவையின் முடிவுக்கு விடப்பட்டது. நாள் மாறலாம், முறை மாறலாம். பருவத்தை அறிந்து, பருவம் தருவதை நன்றியோடு வாங்கி உண்ண வேண்டும் என்ற கருத்து மாறவில்லை.

இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும். முத்துக்குளித்துறையில் 1542 முதல் உழைத்த நமது புனித சவேரியார் 1622 ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று புனிதர் பட்டம் பெற்றார் என்பது பலருக்குத் தெரியும். அதே நாளில், அதே பீடத்தில், மாட்ரிட் நகருக்கு அருகே பிறர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டிய இசிதோர் என்ற உழவரும் புனிதராக உயர்த்தப்பட்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கடல் கடந்து வேதம் போதித்தவரையும் கலப்பை பிடித்தவரையும் திருச்சபை ஒரே வரிசையில் நிறுத்தியது.

நாத்தான் சொன்ன கதை

இப்போது கேள்விக்கு வருகிறேன். நமது அசனத்துக்கு ஆடு எப்படி வருகிறது?

நம்மில் ஆடு வளர்ப்பவர்கள் பெரும்பாலும் ஐந்து, பத்து ஆடு வைத்திருப்பவர்கள். விதவைத் தாய்மார்கள் உண்டு. நிலமற்ற கூலிக் குடும்பங்கள் உண்டு. 2011 ஆம் ஆண்டு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு 4 ஆடு வீதம் இலவசமாக வழங்கத் தொடங்கியபோது அதை வாங்கிப் பெருக்கியவர்களும் உண்டு. இவர்களுக்கு ஆடுதான் வங்கி. பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வேண்டுமா, மகளுக்குப் பேறுகாலமா, வீட்டில் நோயா, ஓர் ஆட்டைப் பிடித்து விற்பார்கள். அவசரத்தில் விற்பவனுக்கு விலை சொல்லும் உரிமை இருப்பதில்லை.

வியாபாரி வருகிறார். ஆட்டின் இடுப்பில் கைவைத்துப் பார்க்கிறார், முதுகை அமுக்கிப் பார்க்கிறார், தூக்கிப் பார்க்கிறார். இவ்வளவு கறிதான் தேறும் என்கிறார். தராசு கிடையாது. சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தை எல்லாரும் பார்த்திருக்கிறோம். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தைக்குத் தானே ஓட்டிச் சென்று விற்கத் தெரிந்தவர் தப்பிக்கிறார். வீட்டு வாசலில் விற்கும் பாட்டி என்ன செய்வார்?

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். நமது வெள்ளாட்டில் உயிர் எடையில் ஏறக்குறைய பாதி கறியாகத் தேறும். 20 கிலோ ஆட்டில் 9 முதல் 10 கிலோ கறி கிடைக்கும். கண்மதிப்பில் அந்த ஆட்டை 18 கிலோ என்று சொல்லிவிட்டால் விற்பவருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ கறியின் விலை நட்டம். பத்து ஆடு வைத்திருக்கும் வீட்டில் ஓர் ஆண்டில் ஐந்து ஆடு விற்றால் ஐந்து கிலோ கறியின் விலை போய்விடுகிறது. அந்தப் பணம் ஒரு பிள்ளையின் ஓராண்டுச் சீருடைக்கும் புத்தகத்துக்கும் ஆகும். இதில் திருட்டு என்று சொல்ல யாரும் இல்லை, வழக்கு என்று போட எதுவும் இல்லை. ஆனால் ஏழையின் கையிலிருந்து பணம் போய்விடுகிறது.

சாமுவேல் ஆகமத்தில் இறைவாக்கினர் நாத்தான் தாவீது அரசனிடம் ஒரு கதை சொல்கிறார். ஓர் ஊரில் இரண்டு பேர். ஒருவனுக்கு ஏராளமான ஆடுமாடுகள். மற்றவனுக்கு ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அதைப் பிள்ளைபோல் வளர்த்தான். பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தார். தன் மந்தையைத் தொட மனமில்லாமல் ஏழையின் அந்த ஒரே குட்டியைப் பிடித்துச் சமைத்துப் போட்டான். கதையைக் கேட்ட அரசன் கொதித்தெழுந்தான். அந்த மனிதன் நீயே என்று நாத்தான் அவனைச் சுட்டிக் காட்டினார்.

சகோதர சகோதரிகளே, விருந்து என்பது நல்ல காரியம். ஆனால் நல்ல காரியத்துக்காக என்று சொல்லி ஏழையின் ஆட்டை அரைவிலைக்கு வாங்கினால் அந்தக் கதை நம்மைப் பற்றியதாகிவிடும். கோவில் காரியம்தானே, கொஞ்சம் குறைத்துக் கொடு என்று நாம் கேட்கிறோம். அவரும் மறுக்க மாட்டார், அந்தோனியார் பெயரைச் சொன்னால் யார் மறுப்பார்? அவர் மறுக்கமாட்டார் என்பதற்காகவே நாம் அப்படிக் கேட்கக் கூடாது.

அதைவிட வேதனையான ஒன்றும் நடந்து வருகிறது. நமது ஊர் ஆட்டையே வேண்டாம் என்று விட்டுவிட்டு, வெளியூரிலிருந்து லாரியில் வரும் ஆட்டையும், பிராய்லர் கோழியையும் மொத்தமாக இறக்கிவிடுகிறோம். விலை மலிவு, வேலை சுலபம் என்பது காரணம். பக்கத்துத் தெருவில் ஆடு வளர்க்கும் பங்கு மக்களே வாங்க ஆள் இல்லாமல் வியாபாரியின் வாயைப் பார்த்து நிற்கிறார்கள்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

நான் ஒரு பக்கம் மட்டும் பேசுவதாக நீங்கள் எண்ணக் கூடாது. பிராய்லர் கோழியை நான் பழிக்க வரவில்லை. அது ஆறு வாரத்துக்குள் இரண்டு கிலோ எடைக்கு வளர்ந்துவிடுகிறது. நாட்டுக்கோழிக்கு ஐந்தாறு மாதம் வேண்டும். அதனால்தான் அது மலிவாகக் கிடைக்கிறது. தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும் தாய் வாரம் ஒருநாள் பிள்ளைகளுக்குக் கறி ஆக்கிப் போட முடிகிறது என்றால் அந்தக் கோழியால்தான். அவரைப் பார்த்து நீ ஏன் நாட்டு ஆட்டுக்கறி வாங்கவில்லை என்று கேட்பவருக்கு இரக்கம் இல்லை என்றுதான் பொருள்.

அதே சமயம் மலிவுக்கு ஒரு விலை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. நெருக்கிப் போட்டு வளர்க்கும் இடத்தில் நோய் சீக்கிரம் பரவும். அதைத் தடுக்க மருந்து கலந்த தீனி கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் வந்தது. மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கோலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிக்கும் கொடுக்கிறார்கள் என்று கண்டு, 2019 சூலையில் மத்திய அரசு அதை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுக்கத் தடை விதித்தது. மருந்தைக் கண்டபடி பயன்படுத்தினால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும். பிறகு நம் பிள்ளைக்கு நோய் வரும்போது அந்த மருந்து வேலை செய்யாது. வெயிலிலும் காற்றிலும் நடந்து மேயும் ஆட்டுக்கு இத்தனை மருந்து தேவைப்படுவதில்லை. அதன் கறியில் கொழுப்பும் குறைவு. பச்சைப்புல்லும் தழையும் தின்பதால் அந்தக் கொழுப்பின் தன்மையும் தானியம் தின்று வளர்ந்ததைவிட நன்றாக இருக்கும்.

ஆட்டுக்காரர்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மேய்ச்சல் ஆடு என்றால் நோயே வராது என்று இருந்துவிடக் கூடாது. புது மழையில் முளைத்த இளம்புல்லை அளவுக்கு மீறித் தின்ற ஆடு துள்ளுமாரியில் ஒரே இரவில் சாகும். ஆட்டுக்கொல்லி நோய் வந்தால் மந்தையே போய்விடும். இரண்டுக்கும் தடுப்பூசி இருக்கிறது. அரசு கால்நடை மருந்தகத்தில் கேட்டுக் காலத்தில் போட்டுக்கொள்ள வேண்டும். குடற்புழு மருந்தும் கொடுக்க வேண்டும். பிறகு, அடுத்தவர் பயிரில் ஆட்டை விடுவது, நட்ட கன்றைக் கடிக்க விடுவது, கிழட்டு ஆட்டை இளம் ஆடு என்று சொல்லி விற்பது இவையெல்லாம் நம்பிக்கையைக் கெடுக்கும். நியாய விலை கேட்பவர் நியாயமான பொருளைக் கொடுக்க வேண்டும்.

ஆட்டுக்காரரின் பாடு எளிதல்ல என்பதையும் நிலத்துக்காரர்கள் நினைக்க வேண்டும். கம்பளியும் தூக்குவாளியும் தொரட்டியும்தான் அவர் சொத்து. குட்டிகளைக் கூடாப்பில் கவிழ்த்து மூடிவைத்து, நரிக்கும் பாம்புக்கும் காவலாக வெட்டவெளியில் படுக்கிறார். 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் நமது மாவட்டத்தில் பெய்த பேய்மழையை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடுகள் மூழ்கின, ஏராளமான ஆடுமாடுகள் மாண்டன. ஆட்டை இழந்தவன் தன் வங்கியையே இழந்தான்.

மேய்ச்சல் நிலமும் சுருங்கி வருகிறது. புறம்போக்கெல்லாம் வேலி போடப்படுகிறது. கண்மாயும் தரிசும் சீமைக்கருவேல முள்ளால் அடைந்து கிடக்கின்றன. அதன் நெற்றை ஆடு தின்னும் என்பது உண்மை. ஆனால் அந்த முள்ளுக்கடியில் புல் முளைப்பதில்லை. பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய்விடுகிறார்கள். இன்று நமது பங்கில் ஆடு மேய்ப்பவர்களில் பெரும்பாலானவர்கள் முதியவர்கள். அவர்களோடு இந்தத் தொழில் முடிந்துவிட்டால் கிடை எருவும் முடிந்துவிடும், கன்னி ஆடும் கொடி ஆடும் படத்தில்தான் இருக்கும்.

2019 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 இலட்சம் வெள்ளாடுகளும் 45 இலட்சம் செம்மறிகளும் இருந்தன. எண்ணிக்கையைப் பார்த்தால் பெரிதுதான். ஆனால் அவற்றை மேய்க்கும் கை குறைந்தால் அந்த எண்ணிக்கை நிலைக்காது. உலக அளவிலும் இந்தக் கவலை இருக்கிறது. அதனால்தான் ஐக்கிய நாடுகள் சபை 2026 ஆம் ஆண்டை மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்கும் உரிய ஆண்டாக அறிவித்தது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களும் 2015 இல் வெளியிட்ட "இறைவா உமக்கே புகழ்" என்ற சுற்றுமடலில், உலக மக்களில் பெரும்பகுதியினருக்கு உணவு தருவது சிறு உழவர்களின் வேளாண்மையே என்றும், அவர்களைத் தாங்கிப் பிடிப்பது ஆட்சியாளர்களின் கடமை என்றும் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய திட்டங்களை அரசு செய்யட்டும். ஒரு பங்கு என்ற அளவில் நம்மால் செய்யக்கூடிய நான்கு காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, இனி நமது அசனத்துக்கான ஆடுகளைப் பங்கு மக்களிடமும் சுற்றுப்புற ஊர்களின் சிறு ஆட்டுக்காரர்களிடமும் வாங்குவோம். மதமோ சாதியோ பார்க்க வேண்டாம். கோவிலுக்கென்று ஒரு தராசு வாங்கி வைப்போம். ஆட்டை உயிர் எடையில் நிறுத்து, அந்த வாரச் சந்தை விலையைக் கேட்டறிந்து, பணத்தை அன்றே கையில் கொடுப்போம். அந்தத் தராசைத் திருவிழா முடிந்தபின் பூட்டி வைக்காமல், ஊரில் ஆடு விற்கும் யாரும் வந்து நிறுத்துக்கொள்ளத் திறந்து வைப்போம். எடை தெரிந்தவனை வியாபாரி சுலபமாக ஏமாற்ற முடியாது.

இரண்டாவது, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் வளாகத்து வேப்பமரத்தடியில் நம் உழவர்கள் தங்கள் காய், கீரை, பயறு, முட்டை, கருப்பட்டி இவற்றைக் கொண்டுவந்து விற்க இடம் கொடுப்போம். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய உழவர் சந்தை, இடைத்தரகர் இல்லாமல் விற்றால் விளைவித்தவனுக்கும் லாபம், வாங்குபவனுக்கும் லாபம் என்று காட்டிவிட்டது. பத்துக் கூடை வந்தாலும் போதும். அந்த மாதம் என்ன விளைகிறதோ அதுதான் அங்கே இருக்கும். நம் பிள்ளைகள் பருவத்தை அங்கே படித்துக்கொள்வார்கள்.

மூன்றாவது, நம் ஊரின் பழைய கூறுகறி முறையை மறுபடியும் கொண்டுவருவோம். பத்து வீட்டார் சேர்ந்து முன்கூட்டியே சொல்லி ஓர் ஆட்டை வாங்கி, அறுத்து, சமமாகக் கூறு போட்டு எடுத்துக்கொள்வது அந்த முறை. கறி மீந்து கெடுவதில்லை, தலையும் குடலும் எலும்பும் வீணாவதில்லை. முழுக் கூறு வாங்க முடியாதவர் அரைக் கூறு எடுக்கட்டும். அதற்கும் வழியில்லாத வீட்டுக்கு ஒரு கூறை வின்சென்ட் தே பவுல் சபையார் கொண்டுபோய்க் கொடுக்கட்டும். இணைச்சட்ட ஆகமத்தில் முதற்பலனைக் காணிக்கையாக்கும்போது லேவியரோடும் அந்நியரோடும் சேர்ந்து உண்ணும்படியும், பத்தில் ஒரு பங்கை அநாதைக்கும் விதவைக்கும் கொடுக்கும்படியும் கட்டளை இருக்கிறது. வாரம் மூன்று நாள் தின்பதைவிட ஒரு நாள் நல்லதாகத் தின்று, அதிலும் ஒரு பங்கைப் பிறருக்குக் கொடுப்பது உடம்புக்கும் நல்லது, ஆன்மாவுக்கும் நல்லது.

நான்காவது, கோவிலுக்குச் சொந்தமான தரிசில் முள்ளை வேரோடு எடுத்து, வேம்பும் வாகையும் நாட்டுக் கருவேலும் அகத்தியும் நடுவோம். மூன்றாண்டு வேலியிட்டுக் காப்பாற்றி, பிறகு தழை ஒடிக்கவும் மேய்க்கவும் முறை வைத்து விடுவோம். பனைமரத்தை வெட்டாமல், காலியான இடத்தில் பனங்கொட்டை ஊன்றுவோம். இளைஞர் மன்றத்தார் இதை ஏற்றுக்கொண்டால் பவள விழாவுக்கு இதைவிடச் சிறந்த நினைவுச்சின்னம் இருக்காது.

கறி உண்ணாதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் இந்த நாட்டுத் துறவியரைப் போல் புலால் மறுத்தே வாழ்ந்தார். அவர் மறுத்ததும் மக்களை மதித்து, நாம் அசனத்தில் பகிர்வதும் மக்களை மதித்து. உண்பவரும் உண்ணாதவரும் விளைவித்தவனை மறவாதிருந்தால் இரண்டும் தவமே.

நமது ஆண்டவர் தம்மை மேய்ப்பர் என்று சொல்லிக்கொண்டார். அவர் பிறந்த செய்தி முதன்முதலில் அறிவிக்கப்பட்டது வயல்வெளியில் இராக்காவல் காத்த இடையர்களுக்கு. நல்லாயன் ஞாயிறன்று கோவிலில் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். அன்று நம் ஊர் மேய்ப்பர் வெளியே வெயிலில் நிற்கிறார். அவருக்கு மாலை வேண்டாம். நேரான தராசும் நியாயமான விலையும் மேய ஒரு துண்டு நிலமும் கிடைத்தால் போதும். இந்தப் பவள விழாவிலாவது அதை அவருக்குச் செய்து கொடுப்போம் என்று உங்கள் அனைவரையும் பணிவோடு வேண்டிக்கொள்கிறேன்.

இயேசுவுக்கே புகழ்! மரியே வாழ்க!